கின்னம்மாளுக்குக் கொடுத்த திதி

புரோத்ராபூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

முத்து,

இந்தக் கடிதத்தை ஆபீஸ்ல வச்சுப் பிரிக்காத. ரூமுக்குப் போ, முதல்ல சாப்பிடு, அப்புறம் படி. படிச்சிட்டா அன்னைக்கு நீ சாப்பிட மாட்டே, உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. நான் சுகமாத்தான் இருக்கேன். கால் வீக்கம் வத்திடுச்சு. மில்லுல இப்ப நிக்கிற வேலை குறைவு, உக்காந்து மரக்கட்டை எண்ணி எழுதுற வேலைதான். என் உடம்பைப் பத்தி இதுக்கு மேல இந்தக் கடிதத்துல ஒண்ணும் இல்ல. நீ இருக்கற மாயாபந்தருக்குப் போற கப்பல் நாளைக்குக் கிளம்புதுன்னு சொன்னாங்க, அதுல இதைக் குடுத்துவிடணும்னு விடிஞ்சதுலேருந்து எழுதுறேன். மூணு தாளைக் கிழிச்சுப் போட்டாச்சு.

வியாழக்கிழமை சம்பந்தி மரைன் ஹில்லேருந்து இங்க வந்திருந்தார். கல்யாணப் பத்திரிகைய அச்சாபீஸ்ல அச்சுக் கோத்து, ஒரு மாதிரித் தாள் எடுத்துக் குடுத்திருக்காங்க, பாத்து சரின்னு சொன்னா இருநூறு அடிச்சிடலாம்னார். மனுஷனுக்கு என்ன சந்தோஷம்! கோமதி பேரு, உன் பேரு, அதுக்குக் கீழ என் பேரு, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. என் பேருக்குப் பக்கத்துல, ‘காலஞ்சென்ற கின்னம்மாள்’. நீ கடிதத்துல எழுதியிருந்தியே, அம்மா பேரை விட்டுறாதீங்கப்பா, பெரிய எழுத்துல போடச் சொல்லுங்கன்னு, அப்படியே பெருசாப் போட்டிருந்தாங்க. நான் ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். பதினஞ்சு வருஷமா சொன்னவன்தானே. ஆனா அன்னைக்கு வாய் வரல. ரெண்டு நாள் என்கிட்டயே இருக்கட்டும்னு தாளை வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் டீயைக் குடிச்சிட்டு, ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனார்.

சுத்தி வளைச்சா எழுத முடியாமப் போயிடும், அதனால சொல்லிடறேன். உங்கம்மா காய்ச்சல்ல சாகல, முத்து. உங்கம்மா செத்துட்டான்னு நான் உன்கிட்ட சொன்ன அன்னைக்கு அவ ரங்கூன்ல உயிரோட இருந்தா. அதுக்கப்புறமும் பல வருஷம் இருந்திருக்கா. இன்னைக்கும் இருக்கலாம். இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டவன் நான்தான்.

என்ன நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன். நான் வேலை பாத்த அரிசிக் கடைக்கு ஒரு நாள் காலையில பட்டாளத்துக்காரங்க வந்து பூட்டி சீல் வச்சாங்க. இனிமே இது ஜனங்களோட கடைன்னாங்க. அந்த ஜனங்கள்ல நாங்க சேர்த்தி இல்லைன்னு புரிய ஒரு மாசம் ஆச்சு. நான் பிறந்தது அந்த ஊர், எங்கப்பன் எரிஞ்சது அந்த ஊர், ஆனா என் கையில இருந்த அட்டையில அன்னியன்னு போட்டிருந்துச்சு. அப்பன் அன்னியன்னா பிள்ளையும் அன்னியன். உங்கம்மா பர்மாக்காரி, அவ மட்டும் அந்த நாட்டுக்காரி. ஒரே பாயில படுத்த மூணு பேர்ல ரெண்டு பேர் வெளிய போகணும், ஒருத்தி போகக் கூடாது. அவ வரணும்னா அவங்க சர்க்கார் தனியா அனுமதி குடுக்கணும், அது எப்ப வரும்னு கேட்டா எந்த ஆபீஸ்லயும் பதில் இல்ல.

இந்தியாவுக்குப் போற அர்ஜிக்கு நான் மூணு நாள் வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி நின்ன ஒரு ஆசாரிதான் யோசனை சொன்னார். ‘பொண்டாட்டி பர்மாக்காரின்னு எழுதினா உன் பேப்பர் தூங்கிடும்யா. செத்துட்டான்னு எழுது. பொண்டாட்டி இல்லாதவன், கைப்பிள்ளைக்காரன்னா அடுத்த கப்பல்லயே இடம் குடுக்கறான். ஊர் போய்ச் சேர்ந்து அப்புறம் கூப்பிட்டுக்க.’ அவரு ஒருத்தர் இல்ல, அந்த வரிசையில பாதிப் பேரு இதையே பேசிக்கிட்டிருந்தோம். ரொம்ப புத்திசாலிங்கன்னு நினைப்பு. செத்தவளை எந்த சர்க்கார் கூப்பிட்டுக்க விடும்னு ஒருத்தனுக்கும் தோணல. கடை கணக்கை நுனி விரல்ல வச்சிருந்த எனக்கே தோணல.

வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன். மீன் கழுவிக்கிட்டிருந்தா. முதல்ல சிரிச்சா. ‘செத்தவ மீன் கழுவ மாட்டா, நீயே கழுவு’ன்னு சட்டியை என் பக்கம் தள்ளினா. சாப்பிடும்போதுதான் கேட்டா, ‘எத்தனை நாளைக்கு?’ன்னு. ஆறு மாசம்னேன். எதை வச்சு ஆறு மாசம்னு சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. அவ விரல்ல மாசத்தை எண்ணிப் பாத்து, அப்ப சித்திரையில வர்ற தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி வந்துடலாம்னு சொன்னா. அவ சம்மதிச்சாதானேன்னு நீ நினைக்கலாம். ஆமா, சம்மதிச்சா. என் பேச்சை நம்பி சம்மதிச்சா.

கப்பல் ஏறின நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்ல. உனக்கு ஆறு வயசு. இடுப்புல வைக்கிற வயசா? ஆனா வீட்டுலேருந்து துறைமுகத்து கேட் வரைக்கும் உன்னை இடுப்புலதான் தூக்கிட்டு வந்தா. கேட்டுக்குள்ள அவளை விடல. உள்ள சோதனையில உன் வெள்ளி அரைஞாணை அறுத்து எடுத்துக்கிட்டாங்க, நீ அதுக்கு அழுதே. மேல் தட்டுல ஏறினதும் கம்பி வழியா அவளைக் கண்டுபிடிச்சது நீதான். ‘அம்மா, அடுத்த கப்பல்ல வந்துரு’ன்னு பர்மாப் பேச்சுல கத்தினே. அவளுக்குக் கேட்டிருக்காது. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தா.

மெட்ராஸ்ல முகாம்ல இறங்கி பத்து நாள்ல நான் மனு எழுதிட்டுப் போனேன், பொண்டாட்டிய வரவழைக்கணும்னு. இதைக் கேட்டுக்க, நான் போகாம இல்ல. அதிகாரி ஃபைலைப் புரட்டினார். ‘மனைவி இல்லாதவர்னு இருக்கே. இது யாரு?’ன்னார். எனக்கு முன்னாடி போன ஒருத்தன் வயசைத் தப்பாக் குடுத்தான்னு அவன் அட்டையையே வாங்கி வச்சுக்கிட்டதை அப்பதான் பாத்திருந்தேன். பாழாப் போன நாக்கு. ‘தெரிஞ்சவங்க சார், பக்கத்து வீடு’ன்னு சொல்லிட்டேன். அவர் மனுவைத் திருப்பிக் குடுத்தார். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் நீங்க மனு போட முடியாதுன்னார். நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டு வெளிய வந்தேன், முத்து. தேங்க்ஸ்னு சொன்னேன்.

அந்தமானுக்கு ஆள் எடுக்கறாங்கன்னதும் பேரைக் குடுத்தேன். மெயின்லேண்ட்ல நமக்கு யாரும் கிடையாது, இங்க வேலையும் தங்க இடமும்னாங்க. வந்து சேர்ந்தப்புறம் நீ என்ன பண்ணினே தெரியுமா? கப்பல் வருதுன்னு யாராவது சொன்னாப் போதும், கப்பல் வந்து நிக்கிற ஜெட்டிக்குப் போகணும்னு என் கையைப் பிடிச்சு இழுப்பே. இறங்குற ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் பாப்பே. நானும் கூட்டிட்டுப் போனேன், வேற என்ன செய்ய. ஒரு தடவை எங்க பேப்பரெல்லாம் சரிபாக்க ஒரு பாபு வந்தார். நீ அவர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எங்கம்மா அடுத்த கப்பல்ல வருவாங்க’ன்னே. அவர் நிமிர்ந்து, ‘பச்சா க்யா போல்தா ஹை?’ன்னு, பையன் என்ன சொல்றான்னு என்னைக் கேட்டார். சின்னப் பையன் சாப், விவரம் தெரியாதுன்னு சிரிச்சேன். நீ திரும்ப வாயைத் திறக்கறதுக்குள்ள உன்னை வெளிய இழுத்துட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம்தான் சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல், அம்மா செத்துட்டாங்கன்னு. யாரு சொன்னான்னு கேட்டே. கடிதம் வந்துச்சுன்னேன். காட்டுன்னே. கிழிச்சுட்டேன்னேன். நீ அழல. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தே. அதுக்கப்புறம் ஜெட்டி பக்கம் இழுக்கவே இல்ல. மூணு மாசம் பாயிலேயே ஒண்ணுக்குப் போனே, ஏழு வயசாகப் போற பையன். நான் ஒரு நாள் அதுக்காக உன்னை அடிச்சேன். என் கை அழுகிப் போயிருக்கணும்.

ஒரு பொய்யோட நிக்கலாம்னுதான் நினைச்சேன். ஊரு விடாதே. பக்கத்துக் குடிசைக்காரங்க, நம்ம திருநெல்வேலிக்காரங்க, பொண்டாட்டிக்குத் திதி குடுக்கலையாண்ணேன்னு ஆரம்பிச்சாங்க. செத்தவளுக்குத் திதி குடுக்காத புருஷனைப் பத்தி நாலு பேர் பேசினா ஆபீஸ் வரைக்கும் போகும்னு எனக்கு பயம். கோயில் பூசாரி, செத்த நாள் என்னன்னு கேட்டார். நான் எந்த நாளைச் சொல்ல? தெரியாதுன்னேன். நாள் தெரியலைன்னா ஆடி அமாவாசைக்குக் குடுத்துருங்கன்னார். அப்படித்தான் உன்னைக் கடல்ல இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சு, கையில எள்ளு குடுத்து, அம்மா பேரைச் சொல்லி விடுன்னு சொன்னேன். நீ எவ்வளவு பயபக்தியா செஞ்சே! வீட்டுல படையலுக்குக் கீரையும் வாழைக்காயும் வச்சா, அம்மா கீரை தொடவே மாட்டா, அவளுக்கு மீன் சாந்து இல்லாம சோறு இறங்காதுன்னு அடம் பிடிச்சே. அமாவாசையில மீனான்னு அக்கம்பக்கம் மூக்கைப் பொத்திக்கிச்சு. நீ சொன்னதைத்தான் வச்சோம். போன வருஷம் மாயாபந்தர்லேருந்தும் எழுதியிருந்தே, தவறாம விட்டுட்டேன்பான்னு. அதைப் படிச்சிட்டு நான் மில்லுக்குப் போகல.

இன்னொண்ணும் இருக்கு, இதை எழுதத்தான் கை கூசுது. ஊர்ல என்னை மெச்சினாங்க. பொண்டாட்டி போயும் இன்னொருத்திய தேடல, புள்ளைக்காகவே கிடக்கான்னு பெங்காலி, மலையாளம், தெலுங்கு எல்லா பாஷையிலயும் மெச்சினாங்க. உசுரோட ஒருத்தி இருக்கும்போது எங்க போய் இன்னொருத்திய கட்டறது? ஆனா நான் வாயைத் திறக்கல. அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கோமதி வீட்டுலயும் அதைச் சொல்லித்தான் பொண்ணு குடுக்க ஒத்துக்கிட்டாங்க.

நீ எட்டாவது படிக்கும்போது அபர்தீன் பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருக்கற காசிம் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மச்சான் கப்பல்ல வேலை பாக்கறவர், ரங்கூன்லேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வந்திருந்தார். பர்மாவுலேருந்து போனவங்களை அந்தமானுக்கு அனுப்பினாங்கன்னு யாரோ சொன்னதை வச்சு, அந்தமான்ல இந்தப் பேர்ல ஒரு ஆள் உண்டான்னு துறைமுகத்துல ஒரு பொம்பளை தமிழ் ஆளுங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கிட்டிருந்துச்சாம். பாய் என்னைப் பாத்து, ‘அண்ணி உசுரோட இருக்காங்களா?’ன்னார். வேற யாரோ பாய், ஆள் மாறிப் போச்சுன்னேன். அவரு நம்பல. நம்பினாப்புல கடிதத்தைக் கையில குடுத்துட்டுத் துணி மடிக்கப் போயிட்டார். போன வருஷம் மௌத்தாயிட்டார், கடைசி வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை விடல.

கடிதம் பர்மா எழுத்துல இருந்துச்சு. அவளுக்கு எழுதத் தெரியாது, யாரையோ வச்சு எழுதியிருக்கா. மார்க்கெட்ல நூடுல்ஸ் விக்கிறாளாம். உங்கம்மா வேற யாரோடயும் போகல. நீ என்ன உயரம் இருக்கேன்னு கேட்டிருந்தா, பல்லெல்லாம் விழுந்து முளைச்சிருச்சான்னு கேட்டிருந்தா. உனக்குப் பதினாலு வயசு அப்ப, அவளுக்கு நீ இன்னும் பல்லு விழாத பையன். கடைசியில ஒரு வரி. நான் இன்னும் எவ்வளவு நாள் செத்திருக்கணும்னு.

நான் பதில் போடல. அந்த வருஷம்தான் மில்லுல வேலை நிரந்தரம் பண்ணினாங்க, இந்த இடத்துக்குப் பட்டா வந்துச்சு, உனக்கு ஸ்காலர்ஷிப் வந்துச்சு. எல்லாத்துலயும் மனைவி இல்லாதவர்னு என் கையெழுத்து. ஒரு நூலை இழுத்தா எல்லாம் பிரிஞ்சுடும்னு பயந்தேன். அதை விடப் பெரிய பயம், நீ என்னை அப்பான்னு கூப்பிடறதை நிறுத்திடுவேன்னு. கடிதம் வந்து இருபது நாள்ல ஆடி அமாவாசை. அந்த வருஷமும் உன்னைத் தண்ணியில இறக்கி எள்ளு விட வச்சேன். கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். மத்ததுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லலாம் முத்து, அதுக்கு என்கிட்ட சாக்கு கிடையாது.

இப்ப ஏன் சொல்றேன்னு கேப்பே. பத்திரிகை மட்டும் காரணம் இல்ல. போன மாசம் சிலோன்லேருந்து அனுப்பப்பட்ட தோட்டத்து ஜனங்க ஒரு கப்பல் நிறைய வந்தாங்க, ரப்பர் தோட்டத்து வேலைக்கு. தமிழ் தெரிஞ்சவங்க ஃபாரம் எழுதிக் குடுங்கன்னு மில்லுலேருந்து என்னையும் ஜெட்டிக்கு அனுப்பினாங்க. அதே தகரப்பெட்டி, அதே சுருட்டின பாய், அதே மிரண்ட பார்வை. இந்தத் தீவுல யார் வீட்டைத் தட்டினாலும் இதுதானே கதை. நமக்கு அடுத்த வீட்டு பெங்காலிக்காரர் கிழக்கு வங்காளத்துலேருந்து நெல்லு அறுக்கற சமயத்துல ஓடி வந்தவர். ராஜா காலத்துலேருந்து மேல உக்காந்திருக்கறவங்க மாறுறாங்க, மூட்டை தூக்கறவங்க நம்மள மாதிரி ஆளுங்கதான். ஒரு சின்னப் பையன், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட இருக்காது, என்கிட்டக் குனிஞ்சு கேட்டான். ‘ஐயா, என் பொஞ்சாதிக்கு அங்கன பிரஜா உரிமை குடுத்துட்டாங்க, எனக்கு இல்ல. கல்யாணமே ஆகலன்னு எழுதினா சீக்கிரம் வேலை போட்டுக் குடுப்பாங்களா? அப்புறமா கூப்பிட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க.’

எனக்கு என்ன வந்துச்சோ, அவனைப் பிடிச்சுக் கத்திட்டேன். ‘எழுதுடா அவ பேரை! என் கண்ணு முன்னாடி எழுது! வேலை கிடைக்கலைன்னா தேங்கா பொறுக்கு!’ன்னு. ஜெட்டியில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவன் பயந்து போய் எழுதிட்டான். நான் போய் ஒரு மூலையில உக்காந்துட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரிஞ்ச வாய் உன்கிட்ட மட்டும் பதினஞ்சு வருஷமாத் திறக்கலையேன்னு இருந்துச்சு.

கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு அப்பன் நாலு நல்லது சொல்லணும். எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் சொல்றேன். எந்த ஆபீஸ்காரன் அவசரப்படுத்தினாலும் இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போடாத. நாளைக்கு நீங்க எங்கயாவது போக வேண்டி வந்தா, யாரு கண்டா, எல்லாரும் சேர்ந்து போங்க, இல்ல சேர்ந்து கிடங்க. முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தின்னு பிரியாதீங்க. இந்தக் கடிதத்தைத் தாலி கட்டறதுக்கு முன்னாடி கோமதிகிட்டக் காட்டு. அவங்க வேண்டாம்னு சொன்னா பழி எனக்கு, நானே சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நின்னு வாங்கிக்கறேன். ஆனா மறைச்சு மட்டும் கட்டாத. ஒரு வீட்டுல ஒரு ஆள் அப்படி வாழ்ந்தது போதும்.

நேத்து நான் ரெண்டு காரியம் பண்ணினேன். அச்சாபீஸுக்குப் போய் பத்திரிகையை நிறுத்தி வைங்கன்னு சொன்னேன். அங்கேருந்து கோர்ட்டு வாசலுக்கு நடந்தேன். மரத்தடியில டைப் அடிக்கிற பெங்காலி பாபு இருக்கார்ல, கண்ணாடி போட்டவர், அவர்கிட்ட அஃபிடவிட் அடிக்கச் சொன்னேன். ரங்கூன்ல நான் மனைவி இறந்துட்டதாக் குடுத்த வாக்குமூலம் பொய், கப்பல் ஏறின அன்னைக்கு அவள் உயிரோட இருந்தாள், அவளைத் தேடி அழைச்சுக்க அனுமதி வேணும்னு. அவர் பாதியில கையை நிறுத்திட்டு, ‘தாதா, நௌக்ரி போயிடும், சோச் லோ’ன்னார், வேலை போயிடும் அண்ணே, யோசிச்சுக்கோன்னு. யோசிச்சாச்சு, அடிங்கன்னேன். அவரும் கிழக்கு வங்காளத்தை விட்டு வந்தவர்தான். மறுபடியும் டைப் அடிக்க ஆரம்பிச்சார்.

அவ இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியாது, உன்னை ஏமாத்தி ஆசை காட்ட மாட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த கடிதம் அது. இந்தக் கவர்ல வச்சிருக்கேன், இனிமே அது உன்னுது. என்னைத் திட்டணும்னா வந்து திட்டு, எழுதாத, எழுத்துல வர்றதை விட நேர்ல வாங்கறது மேல். அப்பான்னு கூப்பிட மனசு வரலைன்னா அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா வா. அந்த அஃபிடவிட்டுக்கு ஒரு சாட்சி வேணுமாம். நான் சொன்னாப் போதாதாம், ஏற்கெனவே பொய் சொன்னவனாச்சே. கப்பல் கிளம்பின அன்னைக்கு அவ உயிரோட நின்னதைக் கண்ணால பாத்த வேற ஆள் வேணும்னார் பாபு. நான் யோசிச்சுப் பாத்தேன். இந்தத் தீவுல அப்படி ஒரே ஒருத்தன்தான் இருக்கான்.

சாட்சி பேரு கேட்டார், சொன்னேன். அந்தம்மாவுக்கு என்ன உறவுன்னு கேட்டார். மகன்னு சொன்னேன். அடிச்சுட்டார். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.